பார்த்தவர் நின்ற இடம்



விருதுநகர் மாவட்டத்தில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆங்கிலம் கற்பித்தவன் நான். அத்தனை ஆண்டுகளில் திருத்திய விடைத்தாள்களில் ஒரே ஒரு வரி இன்றும் மனத்தில் நிற்கிறது. சாத்தூர்ப் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து வந்த மாணவி, மறக்க முடியாத நாள் என்ற தலைப்பில் கட்டுரை எழுதியிருந்தார். அதில் ‘ஐ சா மை மதர் டு ரன்’ என்று ஒரு வரி. ‘டு’ என்ற சொல்லைச் சிவப்பு மையால் அடித்துவிட்டு அடுத்த தாளுக்குப் போய்விட்டேன். தாளைத் திருப்பிக் கொடுத்த அன்று அவர் என்னிடம் வந்து, “இப்ப அந்த வரி சரியா சார்?” என்று கேட்டார். சரிதான் என்றேன். “அம்மா ஓடுனாங்கன்னு மட்டுந்தான சார் அதுல இருக்கு? அம்மா ஓடியாந்தாங்க. பட்டாசு செட்டுல மருந்து பத்திக்கிச்சு, நான் ரோட்டுல நின்னேன், என்னப் பாத்து ஓடியாந்தாங்க. அது எங்க சார் போச்சு?” என்றார்.

அன்று என்னிடம் விடை இல்லை. அந்தக் கேள்விக்கு அதன்பின் நான் தேடிச் சேர்த்த விடையைத்தான் இன்று உங்கள் முன் வைக்கிறேன்.

முதலில் ஆங்கில விதியைச் சொல்லிவிடுகிறேன். பார்த்தேன், கேட்டேன், உணர்ந்தேன், கவனித்தேன் என்னும் வினைகளுக்குப் பின் ஆளைச் சொல்லி, அந்த ஆள் செய்த செயலை இரண்டு வடிவங்களில் ஒன்றில் சொல்ல வேண்டும். ‘ஐ சா ஹிம் ரன்’ என்பது ஒன்று. ‘ஐ சா ஹிம் ரன்னிங்’ என்பது மற்றொன்று. முதல் வடிவத்தில் ‘டு’ வராது. செயப்பாட்டு வினையாக மாற்றினால் மட்டும் ‘ஹி வாஸ் சீன் டு ரன்’ என்று அந்த ‘டு’ திரும்பி வந்துவிடும். இப்படிப்பட்ட அமைப்புகளை வரிசைப்படுத்தி, எண் கொடுத்து, மாணவர் கைக்குக் கொண்டு சேர்த்தவர் ஏ. எஸ். ஹார்ன்பி. ஜப்பானில் ஆங்கிலம் கற்பித்தவர். கேட்டன்பி, வேக்ஃபீல்டு ஆகிய இருவரோடு சேர்ந்து அவர் தொகுத்த அகராதி 1942-இல் டோக்கியோவில் வெளிவந்தது. 1948-இல் ஆக்ஸ்ஃபோர்டு பதிப்பகம் அதை வெளியிட்டது. 1954-இல் அவர் எழுதிய வழிகாட்டி நூல் ஆங்கில வினை அமைப்புகளை 25 வகையாகப் பிரித்தது. பிறமொழி பேசும் மாணவர் எங்கே தடுக்கி விழுவார் என்று அறிந்தவரின் வேலை அது. அதற்கு நான் கடன்பட்டவன்.

அந்த அமைப்புப் பயிற்சி நம் ஊர்ப் பள்ளிக்கு வந்து சேர்ந்த கதையும் உண்டு. தொடக்கநிலை ஆங்கில ஆசிரியர் 27,000 பேருக்கு மறுபயிற்சி அளிக்கும் பெருமுயற்சியை மெட்ராஸ் மாநிலம் 1950களின் கடைசியில் தொடங்கியது. ‘மெட்ராஸ் ஸ்நோபால்’ என்று அதற்குப் பெயர். பயிற்சி பெற்ற சிலர் பலருக்குக் கற்பிக்க, அந்தப் பலர் இன்னும் பலருக்குக் கற்பிக்க, உருட்ட உருட்டப் பெருகும் திட்டம். கைமாறிக் கைமாறி வந்ததில் வாக்கிய அட்டவணை வந்து சேர்ந்தது. ஒரு வடிவத்துக்கும் இன்னொரு வடிவத்துக்கும் உள்ள பொருள் வேறுபாடு வந்து சேரவில்லை. எங்கள் தலைமுறை அட்டவணையைப் பார்த்து ஒப்பித்தது, அதையே நாங்களும் ஒப்பிக்கவைத்தோம். 1979-இல் பெங்களூரில் தொடங்கிச் சென்னை, கடலூர்ப் பள்ளிகளிலும் நடந்த என். எஸ். பிரபுவின் திட்டம் வேறு வழி சொன்னது: மாணவரின் கவனம் பொருளில் இருக்கும்போதுதான் இலக்கணம் அவருக்குள் இறங்குகிறது. என் அனுபவத்தில் பிரபு சொன்னதே சரி.

எனவே பொருளுக்கு வருவோம். ‘ஐ சா ஹர் என்டர் த ஷெட்’ என்று ஒருவர் சொன்னால், அந்தப் பெண் வாசலை அடைந்தது, காலெடுத்து வைத்தது, உள்ளே போய்ச் சேர்ந்தது என எல்லாவற்றையும் அவர் பார்த்திருக்கிறார். ‘ஐ சா ஹர் என்டரிங் த ஷெட்’ என்றால் நடுவில் ஒரு கணம்தான் அவர் கண்ணில் பட்டிருக்கிறது. உள்ளே போய்ச் சேர்ந்தாளா, வாசலிலேயே திரும்பிவிட்டாளா என்று அந்த வாக்கியத்தை வைத்துச் சொல்ல முடியாது. மோப்பத்துக்கு ஆங்கிலம் இரண்டாவது வடிவத்தை மட்டுமே தருகிறது: ‘ஐ ஸ்மெல்ட் சம்திங் பர்னிங்’. நாம் முகரும்போது ஏதோ கருகிக்கொண்டிருக்கிறது. அதன் தொடக்கமும் முடிவும் மூக்குக்குத் தெரிவதில்லை. ஆங்கிலம் சாட்சியிடம் கேட்கும் கேள்வி இதுதான்: நீ எவ்வளவு பார்த்தாய்?

மற்ற ஊர்களில் இது தேர்வுக்கான நுணுக்கமாக இருக்கலாம். சிவகாசியிலும், சாத்தூரிலும், வெம்பக்கோட்டையிலும் யார் எந்த அறைக்குள் போனார், யார் வெளியே வந்தார் என்பது ஒரு குடும்பத்தின் இரவையே முடிவு செய்யும் செய்தி. பட்டாசு ஆலையில் மருந்து உராய்ந்து தீப்பிடித்த நாளில், “உங்க மதினி ஏழாம் நம்பர் ரூமுக்குள்ள போறதப் பாத்தேன்” என்று ஒருவர் சொல்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். இந்தப் ‘போறத’ என்ற சொல்லில் இரண்டு ஆங்கில வடிவங்களும் அடங்கிக் கிடக்கின்றன. ‘போனதப் பாத்தேன்’ என்றால் செயல் முடிந்தது. ‘போய்க்கிட்டிருந்ததப் பாத்தேன்’ என்றால் முடியவில்லை. ‘போறத’ என்பது இரண்டுக்கும் பொது. மொழிபெயர்ப்பவர் இங்கே ஒரு வடிவத்தைத் தாமாகத் தேர்ந்துவிடக் கூடாது. “உள்ள போய்ச் சேந்ததப் பாத்தீங்களா?” என்று திரும்பக் கேட்க வேண்டும்.

நம் மாணவர்கள் ஏன் இந்த இடத்தில் தவறுகிறார்கள் என்பதைத் தமிழுக்குள் போய்ப் பார்க்க வேண்டும். ‘அவன் ஓடுவதைப் பார்த்தேன்’ என்கிறோம். இரண்டாம் வேற்றுமை உருபாகிய ‘ஐ’ எதில் ஏறியிருக்கிறது? செயலில். அவன் எழுவாயாகவே நிற்கிறான். ஆங்கிலம் அந்த உருபை ஆளுக்குக் கொடுக்கிறது. ‘ஹி’ அங்கே ‘ஹிம்’ ஆகிவிடுகிறது. ‘ஐ சா ஹி ரன்னிங்’ என்று எழுதும் மாணவர் கவனக்குறைவால் எழுதவில்லை. தன் தாய்மொழியின் வேற்றுமையை நேர்மையாக அப்படியே கொண்டுபோகிறார். இதை ஒருமுறை கரும்பலகையில் எழுதி விளக்கிவிட்டால் அந்தப் பிழை பெரும்பாலும் மறைந்துவிடுகிறது. நான் கண்டது இது.

இன்னொன்று உண்டு. ‘டு’ இல்லாத அந்த ஆங்கில வடிவம் நமக்கு அயலானது அன்று. தொல்காப்பியர் சொல்லும் வினையெச்ச வாய்பாடுகள் ஒன்பதில் ‘செய’ என்பது ஒன்று. செய்து என்னும் எச்சம் தன் எழுவாயையே கொண்டு முடியும்; செய என்னும் எச்சம் பிறிதோர் எழுவாயையும் ஏற்கும். மழை பெய்யக் குளம் நிறைந்தது என்பதில் பெய்தது மழை, நிறைந்தது குளம். அந்த இயல்பால்தான் ‘அவன் ஓடக் கண்டேன்’, ‘அவள் பாடக் கேட்டேன்’ என்று தமிழில் சொல்ல முடிகிறது. ஓடியது ஒருவர், கண்டது இன்னொருவர். இது ‘ஐ சா ஹிம் ரன்’ என்பதற்கு மிக நெருங்கிய வடிவம். காண் என்ற வினை நம் பேச்சிலிருந்து ஏறக்குறைய விலகிவிட்டதால் ‘ஓடக் கண்டேன்’ ஏட்டோடு நின்றுவிட்டது. அதன் இடத்துக்கு வந்த பார் என்ற வினை வேறு வேலைக்குப் போய்விட்டது: ‘ஓடப் பார்த்தான்’ என்றால் ஓட முயன்றான், ‘விழப் பார்த்தேன்’ என்றால் விழாமல் தப்பினேன். ஆனால் ‘சொல்லக் கேட்டிருக்கேன்’, ‘அவர் பேசக் கேட்டதில்லை’ என்பவை இன்றும் நம் அம்மாக்கள் வாயில் இருக்கின்றன. வகுப்பில் இந்த வடிவத்தை விளக்க ஹார்ன்பியின் எண்ணிலிருந்து தொடங்காதீர்கள். ‘சொல்லக் கேட்டிருக்கேன்’ என்பதிலிருந்து தொடங்குங்கள்.

கேட்டலில் ஒரு சிக்கல் இருக்கிறது. ஒருவர் பேசுவதையும் பாடுவதையும் தமிழர் கேட்பார்கள், ஏனென்றால் அவை ஒலியாகவே பிறக்கும் செயல்கள். ஓடுவதைத் தமிழர் கேட்பதில்லை. ‘ஐ ஹெர்ட் சம்ஒன் ரன்னிங்’ என்பதை ‘யாரோ ஓடுவதைக் கேட்டேன்’ என்று எழுதினால் அது தமிழ் ஓசையே அன்று. ‘யாரோ ஓடுற சத்தம் கேட்டுச்சு’ என்பதே நம் பேச்சு. இங்கே நான் எழுவாய் இல்லை. சத்தம் எழுவாய், எனக்கு அது கேட்கிறது. ஆங்கிலம் ஆளையே கேட்கிறது. தமிழ் ஆளுக்கும் காதுக்கும் நடுவே சத்தத்தை வைத்து, காதில் விழுந்தது அது மட்டுமே என்று ஒப்புக்கொள்கிறது. சாட்சி சொல்வதற்குத் தமிழின் இந்த வழி ஒருபடி கண்ணியமானது என்பது என் கருத்து.

அந்தச் சத்தம் எப்படி இருந்தது என்று சொல்லவும் நம்மிடம் தனி வழி உண்டு. ஆங்கிலம் நடையின் தன்மையை வினைக்குள்ளேயே அடைத்துவிடும்: காலை இழுத்து நடந்தால் ‘ஷஃபிள்’, தள்ளாடினால் ‘ஸ்டாகர்’, சிறு பிள்ளையின் காலடி ‘பாட்டர்’. நாம் படியில் தடதடவென்று ஏறுகிறோம், பிள்ளை குடுகுடுவென்று ஓடுகிறது, ஆள் விறுவிறுவென்று நடக்கிறார். இத்தகைய இரட்டைக்கிளவி பிரிந்து ஒலிக்காது என்று தொல்காப்பியம் சொன்னது. அதைப் பிரிக்க முடியாதது போலவே, சாட்சியின் வாக்குமூலத்திலிருந்து அதை நீக்கவும் கூடாது. “தடதடன்னு ஆள் ஓடுற சத்தம்” என்று சொன்னவருக்கு ஒருவர் ஓடினாரா, பலர் ஓடினார்களா என்ற ஊகமும் அந்தத் தடதடவில் இருக்கிறது. ஆங்கிலத்தில் அது வெறும் ‘ரன்னிங்’ ஆகி நிற்கும்போது அந்த ஊகம் போய்விடுகிறது.

சாட்சியை ஏன் மீண்டும் மீண்டும் இழுக்கிறேன் என்று உங்களுக்குத் தோன்றலாம். இந்த மாவட்டத்தின் முதன்மை நீதிமன்றம் ஸ்ரீவில்லிபுத்தூரில் இருக்கிறது. அங்கே சாட்சி தமிழில் பேசுகிறார். மேல்முறையீடு மதுரைக்குப் போகிறது. சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2004 ஜூலை 24 முதல் இயங்குகிறது. உயர் நீதிமன்றங்களின் மொழி ஆங்கிலம் என்று அரசியலமைப்பின் 348-ஆம் பிரிவு சொல்கிறது. ஆக, ஆலை வாசலில் நின்ற ஒரு பெண்ணின் தமிழ் வாக்கியம் எங்கோ ஒரு மேசையில் ஆங்கில வாக்கியமாகிறது. அந்த மேசையில் உட்காரப் போகிறவர்கள் உங்களில் சிலர்.

சாட்சிச் சட்டமே இந்த இலக்கணத்தின் மேல்தான் நிற்கிறது. 1872-ஆம் ஆண்டின் இந்தியச் சாட்சியச் சட்டம், 60-ஆம் பிரிவில், பார்க்கக்கூடியதைப் பார்த்தவரும் கேட்கக்கூடியதைக் கேட்டவரும்தான் சொல்ல வேண்டும் என்று விதித்தது. 2024 ஜூலை 1 முதல் அதன் இடத்துக்கு வந்திருக்கும் பாரதிய சாக்ஷ்ய அதினியமும் இந்த விதியை விடவில்லை. இப்போது இரண்டு ஆங்கில வாக்கியங்களைப் பாருங்கள். ‘ஐ ஹெர்ட் ஹிம் ரன்னிங்’ என்றால் அவருடைய காலடி என் காதில் விழுந்தது. ‘ஐ ஹெர்ட் தட் ஹி வாஸ் ரன்னிங்’ என்றால் யாரோ எனக்குச் சொன்னார்கள். முதலாவது நேரடிச் சாட்சி, இரண்டாவது செவிவழிச் செய்தி. நடுவில் வந்த ஒரு ‘தட்’ சாட்சியத்தையே தள்ளுபடி செய்யவைத்துவிடும். தமிழில் இதற்கு வெவ்வேறு சொற்களே இருக்கின்றன. ஒன்று ‘சத்தம் கேட்டுச்சு’, மற்றது ‘கேள்விப்பட்டேன்’. எழுத்தறியாத பாட்டிகூட இந்த இரண்டைக் குழப்பிக்கொள்ள மாட்டார். குழப்பம் வருவது ஆங்கிலத்துக்கு மாற்றும்போதுதான்.

கேட்பவர் தேர்ந்தெடுக்கும் வினை சாட்சியின் நினைவையே மாற்றிவிடும் என்பதற்கு அமெரிக்காவில் ஒரு புகழ்பெற்ற சோதனை உண்டு. எலிசபெத் லாஃப்டஸும் ஜான் பாமரும் 1974-இல் வெளியிட்டது. கார்கள் மோதும் படத்தைக் காட்டிவிட்டு அவற்றின் வேகத்தைக் கேட்டார்கள். ‘தொட்டுக்கொண்டபோது’ என்ற பொருளுள்ள வினையால் கேட்கப்பட்டவர்களின் சராசரி விடை மணிக்கு 31.8 மைல், ‘நொறுங்க மோதியபோது’ என்ற வினையால் கேட்கப்பட்டவர்களின் விடை 40 மைலுக்கு மேல். படம் ஒன்றே, வினைதான் வேறு. விபத்துக்குப் பின் ஆலை வாசலில் நிற்பவரிடம் “எப்படிச் செதறி ஓடுனாங்க?” என்று கேட்கும் அதிகாரியும், செய்தியாளரும் இதை அறிந்திருக்க வேண்டும்.

இனி அந்த மாணவியின் கேள்விக்கு வருகிறேன். ‘ஓடியாந்தாங்க’ என்பதில் ஓடி என்பது கால் செய்த வேலை. வந்தாங்க என்பது, பார்த்தவர் எங்கே நின்றார் என்ற செய்தி. தமிழில் ஒரு நகர்வைச் சொல்லும்போது இந்த வருதலையோ போதலையோ சேர்க்காமல் பெரும்பாலும் நம் நாக்கு நிறைவடையாது. ஓடி வந்தார், ஓடிப் போனார், தவழ்ந்து வந்தார், நொண்டிக்கிட்டே போனார். மீட்டுக் கொண்டுவந்தாலும் தூக்கிக் கொண்டுபோனாலும் அதே கதைதான். தமிழ் சாட்சியிடம் கேட்பது இது: நீ எங்கே நின்று பார்த்தாய்? ஆங்கிலத்திலும் ‘கம் ரன்னிங்’ என்று சொல்ல இடம் உண்டு. ஆனால் அது கட்டாயம் இல்லை என்பதால், விதியை மட்டும் கற்றவர் அதை எழுதுவதில்லை. அன்று நான் ‘ஐ சா மை மதர் கம் ரன்னிங் டுவர்ட்ஸ் மீ’ என்று எழுதிக் கொடுத்திருக்க வேண்டும். ‘டு’வை அடித்ததோடு என் வேலை முடிந்ததாக நினைத்தேன்.

இந்த வேறுபாடு எவ்வளவு கனமானது என்பதை 2012 செப்டம்பர் 5 நமக்குக் காட்டியது. சிவகாசியை அடுத்த முதலிப்பட்டியில் பட்டாசு ஆலையில் தீப்பிடித்தது. சத்தம் கேட்டு, புகையைப் பார்த்து, சுற்று வட்டாரத்து ஜனங்கள் ஆலையை நோக்கி ஓடினார்கள். உதவப் போனவர்களும் இருந்தார்கள், பார்க்கப் போனவர்களும் இருந்தார்கள். அப்போது அங்கே அடுத்த பெருவெடிப்பு நிகழ்ந்தது. அன்று இறந்த முப்பதுக்கும் மேற்பட்டோரில் ஆலைத் தொழிலாளர் அல்லாதவர்கள் பலர், அக்கம்பக்கத்து ஊர்க்காரர்கள். 2021 பிப்ரவரி 12-இல் சாத்தூர் அருகே அச்சன்குளத்துப் பட்டாசு ஆலை விபத்தில் 20-க்கும் மேற்பட்டோர் இறந்தபோதும், நாம் படித்த ஆங்கிலச் செய்தி நடை இப்படித்தான் எழுதும்: ‘பீப்பிள் வேர் சீன் ரன்னிங்’. இலக்கணப்படி பிழை இல்லாத வாக்கியம். யார் பார்த்தார் என்பது அதில் இல்லை; ஓடியவர்கள் தீயிலிருந்து வந்தார்களா, தீயை நோக்கிப் போனார்களா என்பதும் இல்லை. முதலிப்பட்டியில் அன்று இரண்டும் நடந்தன. ஓடி வந்தவர்கள் பலர் பிழைத்தார்கள். ஓடிப் போனவர்கள் பலர் திரும்பவில்லை. சாவுக்கும் பிழைப்புக்கும் நடுவே நிற்கும் சொல் அங்கே ‘வந்தார்’ என்பதும் ‘போனார்’ என்பதும்தான். அந்தச் சொல்லை நீக்கிவிட்டு எழுதப்படும் எந்த அறிக்கையும், அடுத்த விபத்தில் ஜனங்கள் எந்தப் பக்கம் ஓட வேண்டும் என்று யாருக்கும் கற்றுத்தராது.

மாணவ மாணவியருக்கு ஒரு வேண்டுகோள். உங்களில் பலருடைய அம்மாவோ, அண்ணனோ, சித்தியோ ஆலையில் வேலை பார்க்கிறார்கள். அவர்கள் பார்த்ததை நீங்கள்தான் நாளை ஆங்கிலத்தில் எழுதப் போகிறீர்கள்: வழக்கறிஞராக, செய்தியாளராக, மொழிபெயர்ப்பாளராக, இழப்பீட்டு மனு எழுதிக் கொடுக்கும் பக்கத்து வீட்டுப் பிள்ளையாக. எழுதும் முன் அவர்களிடம் இரண்டு கேள்வி கேளுங்கள். முழுசாப் பாத்தீங்களா, பாதியில பாத்தீங்களா? நீங்க எங்க நின்னீங்க? இரண்டு விடையும் உங்கள் ஆங்கில வாக்கியத்துக்குள் வந்து சேரும்வரை அதன் கீழே அவர்களிடம் கையெழுத்து வாங்காதீர்கள்.